தவறாத ஒரு சுரத்திற்காக

சைக்கோவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனியில் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. நரம்புக் கருவிகள் தாழ்ந்த குரலில் ஒலிக்கின்றன. அவற்றின் மேல் ஒரே ஒரு ஹார்னின் இசை மெல்ல எழுகிறது. மேடையில் பல கலைஞர்கள் அமர்ந்திருந்தாலும், அந்நேரத்தில் அரங்கிலுள்ள அனைவரின் செவியும் அந்த ஒருவரையே நாடுகிறது. அவர் சிறு பிழை செய்தாலும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது கேட்டுவிடும்.

ஹார்ன் பித்தளையால் ஆன ஊதுகருவி. வேட்டைக்காரர்கள் ஊதிய கொம்பிலிருந்து தோன்றியது. வட்டமாகச் சுருண்டிருக்கும் அதன் குழாயை நீட்டினால் ஏறத்தாழ 3.7 மீட்டர் நீளம் இருக்கும். அதன் அகன்ற வாய் பின்புறம் நோக்கியிருக்கும். கலைஞர் இடக்கை விரல்களால் வால்வு விசைகளை இயக்குவார். வலக்கையை அகன்ற வாயினுள் வைத்து ஒலியின் தன்மையைச் சீராக்குவார்.

இக்கருவியை வாசிப்பது ஏன் கடினம்? பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய சுரம் தவறாமல் ஒலிக்கும். ஹார்னில் அப்படியில்லை. விசை எதையும் அழுத்தாமல், உதடுகளின் இறுக்கத்தை மாற்றுவதன் மூலமே பத்துக்கும் மேற்பட்ட சுரங்களை எழுப்பலாம். உயர்ந்த சுரங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக அமைந்துள்ளன. உதட்டின் இறுக்கம் சற்றே மாறினாலும் வேறொரு சுரம் ஒலிக்கும். அல்லது ஒலி உடைந்துவிடும். நெருக்கமான படிகளில் இருட்டில் ஏறுவதைப் போன்றது இது. ஆகவே, ஊதுவதற்கு முன்பே அந்தச் சுரம் கலைஞரின் மனத்தில் ஒலித்திருக்க வேண்டும்.

இத்துல்லியத்தைக் காப்பதற்கு அன்றாடப் பயிற்சி இன்றியமையாதது. ஹார்ன் கலைஞரின் நாள் நீண்ட, மென்மையான சுரங்களுடன் தொடங்குகிறது. விளையாட்டு வீரர் ஓடுவதற்கு முன் உடலைத் தளர்த்திக்கொள்வது போல, அவர் உதட்டுத் தசைகளை ஆயத்தப்படுத்துகிறார். பயிற்சி குறைந்தால் தசைகள் வலுவிழக்கும், மிகுந்தால் சோர்ந்துவிடும். பகலில் ஒத்திகை, இரவில் கச்சேரி என்று அமையும் நாள்களில் எவ்வளவு ஊதுவது, எப்போது நிறுத்துவது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

மேடையில் சும்மா இருப்பதும் எளிதன்று. ஹார்ன் ஒலிக்காத இடங்களில் கலைஞர் தாளத்தை மனத்தில் எண்ணிக்கொண்டு காத்திருப்பார். அதற்குள் கருவி குளிர்ந்தால் அதன் சுருதி இறங்கும். எனவே, ஓசையெழாமல் வெப்பக் காற்றை ஊதி அதைச் சூடாக வைத்திருப்பார். நெடுநேரக் காத்திருப்புக்குப் பின் முதல் சுரமே பிசகாமல் பிறக்க வேண்டும். பிசகிவிட்டால் அதைத் திரும்பப் பெற இயலாது. அதையே எண்ணி வருந்தினால் அடுத்த சுரமும் தவறும். தவற்றை அக்கணமே விட்டுவிட்டு முன்செல்வதும் அவர் கற்க வேண்டிய கலையாகும்.

இத்துறையில் தலைசிறந்து விளங்கியவர் டென்னிஸ் பிரெய்ன். 1921-இல் லண்டனில் பிறந்த இவருடைய தாத்தா, தந்தை, பெரியப்பா ஆகிய மூவருமே ஹார்ன் கலைஞர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவர் பில்ஹார்மோனியா, ராயல் பில்ஹார்மோனிக் என்னும் இரு பெரிய இசைக்குழுக்களில் முதன்மை ஹார்ன் கலைஞராகப் பணியாற்றினார். தனிக் கச்சேரிகளும் ஒலிப்பதிவுகளும் அவரைத் தேடி வந்தன. பெஞ்சமின் பிரிட்டன், ஹிண்டெமித் போன்ற இசையமைப்பாளர்கள் அவருக்காகவே படைப்புகளை எழுதினர். மொசார்ட்டின் நான்கு ஹார்ன் கச்சேரிப் படைப்புகளை அவர் 1953-இல் ஒலிப்பதிவு செய்தார். அப்பதிவு இன்றும் விரும்பிக் கேட்கப்படுகிறது.

1956-இல் நடந்த ஒரு நகைச்சுவை இசை விழாவில், பிரெய்ன் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் இரப்பர்க் குழாயை ஊதி இசைத்தார். அரங்கம் சிரித்தது. ஆனால், அந்த வேடிக்கை ஓர் உண்மையையும் உணர்த்தியது: இசை பித்தளையில் இல்லை; ஊதுபவரின் உதட்டிலும் மூச்சிலும் செவியிலும் இருக்கிறது.

1957-ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாத இறுதியில் எடின்பரோ விழாவில் அவருடைய குழு வாசித்தது. அன்றிரவு கச்சேரி முடிந்ததும் பிரெய்ன் தம் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு லண்டனுக்குப் புறப்பட்டார். தொலைவு ஏறத்தாழ 640 கிலோமீட்டர். செப்டம்பர் 1-ஆம் நாள் விடியற்காலையில், லண்டனை நெருங்கும் வேளையில், ஹேட்ஃபீல்டு என்னும் ஊரில் அவருடைய கார் மரத்தில் மோதியது. பிரெய்ன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 36.

விபத்தில் நசுங்கிய அவருடைய ஹார்ன் பின்னர்ச் சீர்செய்யப்பட்டு, அவர் பயின்ற ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கின் சேகரிப்பில் வைக்கப்பட்டது. உலோகத்தைத் தட்டி நிமிர்த்த முடிந்தது. அதற்கு உயிரூட்டிய மூச்சை மீட்க முடியவில்லை.

இன்று பல இசைக்குழுக்களில் முதன்மை ஹார்ன் கலைஞரின் அருகில் ஒரு துணைக் கலைஞர் அமர்கிறார். உரக்க ஒலிக்கும் பகுதிகளை அவர் பகிர்ந்துகொள்வதால், அடுத்து வரும் தனி இசைக்காக முதன்மைக் கலைஞரின் உதடுகள் சற்றே இளைப்பாறுகின்றன. ஓய்வு உழைப்புக்குப் பகையன்று. அதுவும் உழைப்பின் ஒரு பகுதியே. அரங்கில் நாம் கேட்டு மகிழும் தவறாத ஒரு சுரத்திற்குப் பின்னால் பயிற்சி, பொறுமை, அளவறிதல் ஆகிய மூன்றும் நிற்கின்றன.

சிந்தித்து விடை கூறுக

1. பியானோ வாசிப்பதற்கும் ஹார்ன் வாசிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. ‘மேடையில் சும்மா இருப்பதும் எளிதன்று’ என்று கூறப்படுவது ஏன்?
3. ‘ஓய்வும் உழைப்பின் ஒரு பகுதியே’ என்னும் கருத்து உம் வாழ்க்கைக்கு எவ்வாறு பொருந்தும்?