திருத்தணியில் மக்கள் நீதிமன்றம்: முதன்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆந்திராவுக்கும் சென்னை மாநிலத்துக்கும் எல்லைத் தகராறு முற்றியபோது எச்.வி.படாஸ்கர் சமரசராக அமர்ந்து தீர்வு சொன்னார். ம.பொ.சி. போராடிக் கேட்ட திருத்தணி 1960 ஏப்ரல் 1-இல் நம் பக்கம் வந்தது. விசைத்தறிக் கூலி பாக்கி, விபத்து இழப்பீடு, ஜீவனாம்சம் என்று நம் உரிமை எங்காவது சிக்கிக் கிடந்தால், நாமும் பேசித் தீர்க்கும் வழியில் போய்ப் பார்க்கலாம்.

என்ன இது?

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி நடப்பது மக்கள் நீதிமன்றம். லோக் அதாலத் என்றும் சொல்வார்கள். இருதரப்பும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு. ஊர்ப் பஞ்சாயத்தில் ஒத்துக்கொண்ட பணத்தை எதிராளி தராவிட்டால் மறுபடி அலைய வேண்டியதுதான். இங்கே எழுதப்படும் முடிவுக்கு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலு உண்டு. தராதவர்மேல் நிறைவேற்று மனு போடலாம்.

எப்படிப் போவது?

முதல் வேலை, கணக்கு. எந்த மாதத்திலிருந்து எவ்வளவு வரவேண்டும் என்று தேதிவாரியாக எழுதுவோம். கூலிச் சீட்டு, வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றுக்கும் நகல் எடுப்போம். மேசையில் நம் பேச்சுக்கு மதிப்புத் தருவது இந்தக் காகிதங்கள்தான்.

அடுத்து, வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுப்போம். எங்கே போவதென்று குழப்பமாக இருந்தால் 15100-ஐ அழைத்துக் கேட்கலாம். யார்மேல், என்ன குறை, என்ன வேண்டும் என்று எளிய தமிழில் எழுதினால் போதும். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போகும்.

பேச்சு நாளில் நேரில் போவோம். தெலுங்கு மட்டும் தெரிந்த பாட்டி வந்திருந்தால், எழுதியதைத் தெலுங்கில் விளக்கச் சொல்லிக் கேட்போம்.

எவ்வளவு செலவு?

நீதிமன்றக் கட்டணம் கிடையாது. ஏற்கெனவே வழக்குப் போட்டுக் கட்டியிருந்தால், சமரசம் ஆனதும் அது திரும்பக் கிடைக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞரும் உண்டு. முதலாளியோ நிதி நிறுவனமோ எதிரில் இருந்தால் கட்டாயம் கேட்டு வாங்குவோம். பணபலம் உள்ளவர் எதிரே தனியாகப் போய் உட்காருவது நியாயமான பேச்சே அல்ல.

எங்கே கவனம்?

கையெழுத்துப் போட்டபின் மேல்முறையீடு கிடையாது. தொகை, தவணைத் தேதி, தவறினால் என்ன என்ற மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம். மனதுக்கு ஒப்பவில்லையா? மறுத்துவிட்டு எழுந்து வரலாம். நிலுவை வழக்கு நீதிமன்றத்துக்கே திரும்பிவிடும்.

சில விஷயங்களில் சமரசத்துக்கே இடம் கிடையாது. வன்கொடுமை, பாலியல் வன்முறை போன்ற, சட்டம் சமரசத்துக்கு அனுமதிக்காத குற்றங்களை யார் வற்புறுத்தினாலும் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ முன்பணத்துக்காகக் குடும்பத்தை வெளியே விடாமல் வைத்திருந்தால் அது கடன் தகராறே அல்ல, கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடனையே ரத்து செய்துவிட்டது. அப்போது நேராக வருவாய்க் கோட்டாட்சியரிடம் போய், மீட்பும் விடுதலைச் சான்றும் கேட்டு மனு கொடுப்போம்.