அடுத்த சங்கத்தின் மறியலைத் தாண்டலாமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஒரு விமான நிறுவனத்தில் மெக்கானிக். அங்கே கேபின் பணியாளர்கள் சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாராகிறது. மெக்கானிக்குகளுக்குத் தனிச் சங்கம். அவர்களுடைய ஊதிய ஒப்பந்தம் போன வருடமே கையெழுத்தாகிவிட்டது. “நமக்கென்ன வந்தது, உள்ளே போய் வேலையைப் பார்” என்று கூட இருப்பவர்களில் பாதிப் பேர் சொல்கிறார்களாம். நான் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன். 1974 மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தத்தில் நாங்கள் வெளியே நின்றபோது தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனவர்களின் முகம் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அவனுக்கு வீட்டுக் கடன், இரண்டு சின்னப் பிள்ளைகள். நான் என்ன சொல்லட்டும்?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருச்சி

பதில்: தாண்டக்கூடாது என்பதுதான் என் கருத்து. ஆனால் அந்த முடிவை உங்கள் மகன் தனி ஆளாக எடுக்கக்கூடாது.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். உங்கள் மகனை ஆளும் சட்டம் உங்கள் துறையைச் சேர்ந்தது. அமெரிக்க ரயில்களுக்காக 1926-ல் வந்த ரயில்வே தொழிலாளர் சட்டத்தை 1936-ல் விமானங்களுக்கும் நீட்டினார்கள். மற்ற தொழில்களில் ஒருவர் சண்டையை இன்னொரு முதலாளியின் வாசலுக்குக் கொண்டுபோவதை 1947-ன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் தடுக்கிறது. ரயிலுக்கும் விமானத்துக்கும் அந்தத் தடை கிடையாது. அதற்குப் பதிலாக வேறொரு கட்டு உண்டு. வேலைநிறுத்தம் தொடங்கும் முன் அரசின் மத்தியஸ்த வாரியம் ‘இனிப் பேசிப் பயனில்லை’ என்று கைவிட வேண்டும். அதன்பிறகும் 30 நாள் பொறுக்க வேண்டும். சில பேச்சுவார்த்தைகள் வருடக்கணக்கில் இழுக்கும். ஆகவே உங்கள் மகனுக்கு அவகாசம் இருக்கிறது.

அந்த அவகாசத்தில் அவன் முதலில் படிக்க வேண்டியது தன் சங்கத்தின் ஒப்பந்தத்தை. சட்டப்படியான மறியலைத் தாண்ட மறுத்தால் நடவடிக்கை கூடாது என்று சில ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். வேறு சிலவற்றில், ஒப்பந்தக் காலம் முழுக்க எந்த வேலைநிறுத்தமும், ஆதரவு வேலைநிறுத்தம் உட்பட, கூடாது என்றிருக்கும். இரண்டாவது வகை என்றால், தனியாக வெளியே நிற்பவனை வீட்டுக்கு அனுப்ப நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் போதும். முதல் வகையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அவன் இடத்தில் வேறு ஆளை நிரந்தரமாகவே போட்டுக்கொள்ளலாம். விமானத் துறையில் சீனியாரிட்டி எண்தான் ஒருவரின் சொத்து. ஷிப்ட், விடுமுறை, ஊர் எல்லாம் அதன்படிதான். வேறு கம்பெனிக்குப் போனால் வரிசையின் வாலிலிருந்து தொடங்க வேண்டும். 1986-ல் டிடபிள்யூஏ விமான நிறுவனத்தின் கேபின் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்து திரும்பினார்கள். இடையில் மறியல் கோட்டைத் தாண்டி உள்ளே போன ஜூனியர்களை நகர்த்தி சீனியர்களுக்கு இடம் தர வேண்டியதில்லை என்று 1989-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூட இருப்பவர்களில் பாதிப் பேர் தயங்குவதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் ஏன் தாண்டக்கூடாது என்கிறேன்? 2005 ஆகஸ்டில் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். மெக்கானிக்குகள், துப்புரவுப் பணியாளர்கள் என்று சுமார் 4,400 பேர் வெளியேறினார்கள். அவர்களுடைய ஆம்ஃபா சங்கம் சில வருடங்களுக்கு முன் மெஷினிஸ்ட் சங்கத்திடமிருந்து ஆட்களைப் பிரித்துக்கொண்டு வந்தது. அந்தப் பழைய கசப்பு ஆறவில்லை. மெஷினிஸ்ட்கள் உள்ளே போனார்கள். விமானிகள் ஓட்டினார்கள். கேபின் பணியாளர்களும் ஆதரவு வேலைநிறுத்தம் வேண்டாம் என்றே முடிவு செய்தார்கள். நிறுவனமோ மாற்று மெக்கானிக்குகளை மாதக்கணக்கில் முன்பே தயார்செய்து வைத்திருந்தது. விமானங்கள் பறந்தன, வேலைநிறுத்தம் நொறுங்கியது. மறு மாதமே நிறுவனம் திவால் மனு போட்டது. அடுத்த வருடம் கேபின் பணியாளர்கள்மீது ஊதிய வெட்டு திணிக்கப்பட்டபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்யப் புறப்பட்டார்கள். நீதிமன்றம் தடுத்தது. தடுக்காமல் விட்டிருந்தாலும் அவர்களோடு நிற்க யார் மிச்சம் இருந்தார்கள்? மெக்கானிக்குகளின் இடத்தில் இருந்தவர்கள் புது ஆட்கள்.

நின்றால் வெற்றி நிச்சயம் என்று உங்கள் மகனிடம் சொல்லிவிடாதீர்கள். 1989 மார்ச் 4 அன்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸில் மெஷினிஸ்ட்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது விமானிகளும் கேபின் பணியாளர்களும் கோட்டைத் தாண்ட மறுத்தார்கள். ஈஸ்டர்னின் முதலாளி ஃபிராங்க் லொரென்சோ 1983-ல் கான்டினென்டல் ஏர்லைன்ஸில் திவால் மனுவைக் காட்டி ஒப்பந்தங்களைக் கிழித்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஐந்தே நாளில் ஈஸ்டர்னும் திவால் மனு போட்டது. நவம்பரில் விமானிகள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். 1991 ஜனவரியில் கம்பெனியே மூடியது. லொரென்சோவைத் தோற்கடித்தார்கள், வேலையையும் இழந்தார்கள். இதைச் சொல்லாமல் மறைத்தால் நான் உங்களுக்கு நேர்மையாகப் பதில் சொன்னவன் ஆகமாட்டேன்.

இன்னொன்று, லண்டன் ஹீத்ரோ. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் சமையல் பிரிவை 1997-ல் கேட் குர்மே என்ற கம்பெனிக்கு விற்றது. 2005 ஆகஸ்டில் அந்தக் கம்பெனி 600-க்கும் மேற்பட்டவர்களை ஒரே அடியில் நீக்கியது. பலர் சௌத்ஹால் பகுதியின் பஞ்சாபிப் பெண்கள். மறுநாள் பிரிட்டிஷ் ஏர்வேஸின் சுமை ஏற்றுபவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களில் சிலருடைய மனைவியும் அக்காவும் அந்தச் சமையல்கூடத்தில் இருந்தவர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கினார்கள். பிரிட்டனில் ஆதரவு வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்பதால் அவர்கள் சங்கமே அதைக் கைவிட வேண்டியிருந்தது. யார் நம்மவர், யார் அடுத்தவர் என்ற கோட்டை அங்கே கிழித்தது தொழிலாளர்கள் இல்லை. ஒரு விற்பனைப் பத்திரம். நாளை உங்கள் மகனின் ஹேங்கரையும் அப்படி விற்கலாம்.

எனவே அவன் செய்ய வேண்டியது: வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே தன் சங்கக் கூட்டத்தில் இதை எழுப்பட்டும், வாக்கெடுப்பு கேட்கட்டும். ஆதரவாக நிற்பவர்களுக்கும் போராட்ட நிதி கிடைக்குமா என்று எழுத்தில் வாங்கட்டும். சங்கம் நிற்கச் சொன்னால் நிற்கட்டும். உள்ளே போகச் சொன்னால் போகட்டும்; ஆனால் தன் வேலையை மட்டும் செய்யட்டும். 50 இருக்கைக்கு ஒரு கேபின் பணியாளர் இல்லாமல் அங்கே விமானம் கிளம்ப முடியாது. அந்த இடத்தை நிரப்ப அவசரப் பயிற்சிக்கு ஆள் தேடுவார்கள். அதற்குக் கை தூக்க வேண்டாம். ஷிப்ட் முடிந்ததும் வாசலுக்குப் போய் அவர்களோடு அட்டை பிடித்து நிற்கலாம்.

உங்களுக்கும் ஒன்று. 1974-ல் உள்ளே போனவர்களைக் கருங்காலி என்றே நீங்கள் அழைத்திருப்பீர்கள். அவர்களிலும் பலர் வேறு சங்கத்தார். ரயில்வேயின் இரு பெரும் சம்மேளனங்களில் ஒன்று அந்த வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. அந்தச் சொல்லைத் தொலைபேசியில் மகனிடம் எடுக்காதீர்கள். அந்த 20 நாளும் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள்.