நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லப்போகும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

வக்கீலாகப் பதிவு செய்துவிட்டாய். அரியலூரில் அலுவலகம் போட்டு, தொழிலாளர் சட்டத்தில் நிர்வாகத் தரப்புக்கு ஆலோசனை சொல்லப்போவதாக எழுதியிருக்கிறாய். உன் அம்மாவுக்கு இதில் மனம் ஒப்பவில்லை என்பதும் தெரிந்தது. உழைக்கிறவன் பக்கம் நிற்கவேண்டிய பெண் முதலாளிக்கு வக்கீலாவதா என்று அக்கா கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவளும் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன். தொழிலாளி வேலையை இழந்து வருஷக்கணக்கில் அலைகிற வழக்குகளை நிறையப் பார்த்தவன் நான். அவற்றில் பெரும்பாலானவை, நிர்வாகத்துக்கு நேரத்தோடு நேர்மையாக ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாமல் முளைத்தவை. அந்த ஆளாக நீ இருந்தால் இரு தரப்புக்கும் நல்லது.

கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும், அவர் எந்த அரசுக்குப் பதில் சொல்லவேண்டியவர் என்று பார். மற்ற ஊர்களில் இது சின்ன விஷயமாக இருக்கலாம். அரியலூரில் பாதி வழக்கு இதிலேயே தீர்ந்துவிடும். நம் அரசியலமைப்பில் தொழிலாளர் நலம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசும் சட்டம் செய்யலாம், மாநில அரசும் செய்யலாம். ஆனால் சுரங்கத் தொழிலாளரின் பணி ஒழுங்கும் பாதுகாப்பும் மத்தியப் பட்டியலில் 55-ஆவது இனம். அரியலூரைச் சுற்றியிருக்கிற சிமென்ட் ஆலைகள் எல்லாவற்றுக்கும் உயிர் அவற்றின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். மாநில அரசின் டான்செம் நிறுவனம் 1979 முதல் இங்கே ஆலை நடத்துகிறது. அதற்குக் கல் தருகிற சுரங்கத்தின் பாதுகாப்புக்குக்கூட, 1902-ல் தொடங்கி இன்று தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககமே பொறுப்பு.

அந்தக் கல் ஆலைக்குள் வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. சூளையிலும் பாக்கிங் பிரிவிலும் வேலை செய்கிறவரின் பாதுகாப்பைக் கவனிப்பது மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். ஆனால் அதே பாக்கிங் பிரிவில் ஒருவரை வேலைநீக்கம் செய்து தகராறு எழுந்தால், அது மத்திய அரசின் சமரச அதிகாரியிடம் போகும். தொழிற்தகராறு விஷயத்தில் சிமென்ட் தொழிலை மத்திய வரம்பில் வைத்திருப்பதுதான் காரணம். சமரசம் முறிந்தால் வழக்கு சென்னையில் இருக்கிற மத்திய அரசுத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகும். ஆக, ஒரே கேட்டுக்குள் நுழைகிற ஒரே தொழிலாளிக்கு, அன்று அவர் என்ன வேலை செய்கிறார், என்ன பிரச்சினை என்பதைப் பொறுத்து அரசு மாறுகிறது. இது புரியாத மேலாளர், நோட்டீஸைத் தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு சட்டப்படி நடந்துவிட்டதாக நிம்மதியாக இருப்பார். பிற்பாடு எதிர்த்தரப்பு எழுந்து முதலில் எடுத்துவைக்கிற ஆட்சேபம் அதுவாகவே இருக்கும்.

பெரம்பலூர்ப் பக்கம் இதற்கு நேர் எதிரான கதை. டயர் ஆலைக்கும், எறையூர் சிப்காட்டில் வந்திருக்கிற காலணித் தொழிற்சாலைக்கும் பெரும்பாலும் மாநில அதிகாரிகளே போதும். சிக்கல் கல்குவாரிகளில். ஜல்லிக் கிரஷர் வைத்திருக்கிறவர் தன்னைச் சுரங்க உரிமையாளராக ஒருநாளும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். 1952-ஆம் வருடத்துச் சுரங்கச் சட்டம் கட்டடக் கல் குவாரிக்குப் பெரும்பகுதி விலக்குத் தந்தது உண்மைதான். ஆனால் பள்ளம் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வெடி வைக்கக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள் அதில் உண்டு. ஒன்றை மீறினாலும் விலக்குப் போய்விடும். நம் பக்கத்துக் குவாரிகளின் ஆழத்தை நீயே பார்த்திருக்கிறாய். வெடிச் சத்தத்தையும் கேட்டிருக்கிறாய். அப்படியென்றால் அங்கே தகுதிச் சான்று பெற்ற மேலாளர் வேண்டும், உரிமம் பெற்ற வெடிப்பாளர் வேண்டும், வேலையில் இறங்குமுன் ஒவ்வொருவருக்கும் பயிற்சி வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும். கருங்கல் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் படிந்து வருகிற சிலிகோசிஸ், சுரங்கச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நோய். வந்த பிறகு அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. கிரஷரில் தண்ணீர் தெளிப்பான் மாட்டச் சொல்வதும் வக்கீலின் வேலையா என்று கட்சிக்காரர் கேட்டால், ஆமாம் என்று சொல்.

இனி, சட்டக் கல்லூரியில் யாரும் அழுத்திச் சொல்லியிருக்காத ஒன்று. சமரச அதிகாரி முன் வக்கீலுக்கு இடமில்லை. 1947-ஆம் வருடத் தொழிற்தகராறுச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு அப்படித்தான் வைத்தது. தீர்ப்பாயத்தில்கூட எதிர்த்தரப்பு சம்மதித்து, தீர்ப்பாயமும் அனுமதித்தால்தான் நீ எழுந்து பேச முடியும். புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் அதே வழியில் போகிறது. தொழிலாளி தன் சங்கத் தலைவரோடு வருவார்; சட்டத்தின் பலத்தை விலைக்கு வாங்கிவந்து அவரை மிரட்டக் கூடாது என்று சட்டம் நினைத்தது. அது சரியான நினைப்பு. இதை மனத்தடையாக எடுத்துக்கொள்ளாதே. உன் வேலை எங்கே இருக்கிறது என்பதை இந்தப் பிரிவே காட்டிவிடுகிறது. தகராறு அறைக்குள் போகிற மேலாளர் தனியாகப் போகிறார். அவர் கையில் இருக்கிற காகிதமும் அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தையும் ஆறு மாதத்துக்கு முன்னால் நீ சொல்லிக்கொடுத்தவையாக இருக்க வேண்டும். நிர்வாகத் தரப்பு வக்கீல் பாதி ஆசிரியர். ஷிப்ட் நேரத்தை மாற்றப்போகிறாரா, 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்கச் சொல். கதவை அடைக்க நினைக்கிறாரா, வேலைநிறுத்தத்துக்குத் தொழிலாளி 14 நாள் முன்னறிவிப்பு தருவதுபோலக் கதவடைப்புக்கு அவரும் தந்தாக வேண்டும் என்று கோபம் வருவதற்கு முன்பே சொல்லிவை. கோபம் வந்த பிறகு எந்த முதலாளியும் பிரிவு எண்ணைக் கேட்க மாட்டார்.

நீ அதிகம் சந்திக்கப்போவது ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினை. மேஸ்திரி பெயரில் ஓர் உரிமம் இருக்கும். ஆட்களுக்கு வேலை சொல்வது கம்பெனி சூப்பர்வைசர், லீவு கொடுப்பதும் அவர், திட்டுவதும் அவர். காகிதத்தில் மட்டும் அவர்கள் மேஸ்திரியின் ஆட்கள். 1978-ல் கோழிக்கோட்டுக் கயிற்று ஆலை வழக்கான ஹுசைன்பாயில் நீதிபதி கிருஷ்ணய்யர் இந்தத் திரையை விலக்கிப் பார்த்தார்: வேலையும் பொருளாதாரக் கட்டுப்பாடும் யாரிடம் இருக்கிறதோ அவரே முதலாளி என்றார். 2001-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒப்பந்த முறையைத் தடை செய்ததாலேயே தொழிலாளர் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று தீர்த்தது. முதலாளிமார் அந்தப் பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தமே வெறும் போர்வை என்று தொழில் தீர்ப்பாயம் கண்டால் அவர்கள் கம்பெனியின் ஆட்களே என்று சொல்லும் மறுபாதியைப் படித்துக்காட்டுவது உன் கடமை. இன்னொன்றும் சொல். மேஸ்திரி சம்பளம் தராமல் ஓடிவிட்டால், அதைத் தரவேண்டியது முதன்மை வேலையளிப்பவரான கம்பெனி. பி.எஃப். பாக்கியும் அப்படியே. மாதாமாதம் மேஸ்திரியின் பில்லைப் பாஸ் செய்யுமுன், போன மாதச் சம்பளப் பட்டியலையும் பி.எஃப். ரசீதையும் வாங்கிப் பார்க்கிற கம்பெனிக்கு இந்தத் தொல்லை கிடையாது. தமிழ்நாட்டுக்கென்று 1981-ல் ஒரு சட்டம் இருப்பதையும் மறக்காதே: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தர நிலை தரவேண்டும். 479-ஆம் நாளில் வேலையை நிறுத்தி, பத்து நாள் கழித்து வேறு பெயரில் சேர்த்துக்கொள்ள யோசனை கேட்டு வருவார்கள். அந்த யோசனையை நீ தரக் கூடாது.

இன்னொரு அன்றாடக் காட்சி. மக்காச்சோள அறுவடைக்கு ஊருக்குப் போன தொழிலாளி பத்து நாள் வரவில்லை. மஸ்டர் ரோலில் பெயரை அடித்துவிட்டு, 'அவராகவே நின்றுவிட்டார்' என்று எழுதிவிடுகிறார்கள். இப்படிப் பெயரடிப்பது செல்லாது என்று 1993-ல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எட்டு நாள் வராவிட்டால் வேலை போய்விடும் என்று நிலையாணையிலேயே எழுதியிருந்தும், விளக்கம் கேட்காமல் நீக்கியது தவறு என்று அவரைப் பாதிப் பின்சம்பளத்தோடு வேலையில் சேர்க்கச் சொன்னது. தமிழில் ஒரு கடிதம், வீட்டு முகவரிக்கு, ஒப்புதல் அட்டையோடு; பதில் வராவிட்டால் இன்னொன்று; அப்புறம் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, உள்விசாரணை, அதில் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பு. இதற்கு ஆகிற செலவு மிகச் சொற்பம். இதைச் செய்யாததால் ஆகிற செலவு, வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்குப் போய்வருகிற இரண்டு குடும்பங்களின் வருடங்கள்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் ஒன்றாக நடைமுறைக்கு வந்து, 29 பழைய மத்தியச் சட்டங்களின் இடத்தைப் பிடித்தன. முரண்படாத பழைய விதிகள் இடைக்காலத்தில் தொடரும் என்பதால், கொஞ்ச காலத்துக்கு நீ பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும். ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் முன்அனுமதி கேட்கவேண்டிய எல்லை 100 தொழிலாளரிலிருந்து 300-க்கு உயர்ந்ததை எல்லா முதலாளிகளும் அறிவார்கள். எனக்கு இந்த மாற்றத்தில் உடன்பாடு இல்லை. இங்கே சின்ன ஆலையும் நடுத்தர ஆலையும்தான் அதிகம், அங்கே இருக்கிறவர்களுக்கு இருந்த ஒரு காப்பு போய்விட்டது. ஆனால் முதலாளிகள் கவனிக்காதது சம்பளத்தின் புதிய இலக்கணம். கணக்குப் போட்டுப் பார்: மாதம் 18,000 ரூபாய் வாங்குகிறவருக்கு அடிப்படைச் சம்பளம் 6,000 என்றும், வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று 12,000 என்றும் பிரித்து எழுதுவது வழக்கம். இனி அந்தப் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளத்தோடு சேரும். அதாவது சம்பளம் 9,000. பத்து வருடப் பணிக்கொடை 34,615 ரூபாயாக இருந்தது 51,923 ஆகிறது. குறிப்பிட்ட காலத்துக்கு வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு. எல்லாருக்கும் நியமனக் கடிதம் உண்டு. வேலையைவிட்டுப் போகிறவரின் சம்பளக் கணக்கை இரண்டு வேலைநாளுக்குள் தீர்க்க வேண்டும். காலணி ஆலைகளில் பெண்களை இரவு ஷிப்டுக்கு அழைப்பதானால் அவர்கள் சம்மதம் வேண்டும். போக்குவரத்தும் பாதுகாப்பும் நிர்வாகத்தின் பொறுப்பு. சம்மதம் என்றால் வேலையில் சேருகிற அன்று வாங்கிவைத்துக்கொள்கிற ஒரு கையெழுத்து என்று நினைக்கிற மேலாளரை நீ திருத்த வேண்டும்.

அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சங்கத்து வக்கீல் தொழிலாளிக்கு வாங்கித் தருவது தீர்ப்பு. அது வர ஏழெட்டு வருடம் ஆகலாம். அதற்குள் பிள்ளைகளின் படிப்பு முடிந்துவிடும், அல்லது நின்றுவிடும். கயல் தன் கட்சிக்காரரிடம் மூடிய அறையில், 'ஐயா, இதைச் செய்யாதீர்கள், செய்தால் உங்களுக்காக நான் வரமாட்டேன்' என்று சொல்லி அந்த வேலைநீக்கத்தைத் தடுத்துவிட்டால், அந்தத் தொழிலாளிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பெயரும் கிடைக்காது. மறுநாள் அவர் வழக்கம்போல ஷிப்டுக்குப் போவார். இந்த வேலைக்கும் ஆள் வேண்டும் அக்கா.

கயல், சில கட்சிக்காரர்கள் உன்னைவிட்டுப் போவார்கள். பதிவேட்டைத் திருத்தித் தருகிற ஆலோசகரைத் தேடிப் போவார்கள். போகட்டும். மத்திய அதிகாரி சோதனைக்கு வந்தால் ஒரே கேள்வியில் அந்தப் பதிவேடு மாட்டிக்கொள்ளும்: விபத்தில் அடிபட்டவர் பெயர் வருகைப் பதிவில் எங்கே? அன்றைக்கு உன்னிடம் திரும்பி வருவார்கள். அப்போது அடிபட்டவருக்குச் சேரவேண்டிய இழப்பீட்டை முதலில் கொடுக்கச் சொல், பிறகு வழக்கை எடுத்துக்கொள்.

அலுவலகம் திறந்ததும் முதலில் வருகிறவரிடம் வக்காலத்துத் தாளை நீட்டாதே. அவருடைய வருகைப் பதிவேட்டையும், சம்பளப் பட்டியலையும், மேஸ்திரி ஒப்பந்தத்தையும் எடுத்துவரச் சொல். மூன்றையும் படித்துவிட்டு, ஒருநாள் குவாரிக்கோ ஆலைக்கோ நேரில் போய், அங்கே நிற்கிற ஆட்களை அந்தப் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார். அதன் பிறகு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா