அப்பீல் என்பது மன்றாட்டு அல்ல

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வெளியாகும் நாட்களில் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் என் வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். போன முறை வந்தவர் ஒரு தாய். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேரே வந்திருந்தார். கையில் சிலிசிலி பை, அதற்குள் நாலாய் மடித்த மகளின் உயர்தரப் பெறுபேறு. "சேர், பிள்ளைக்கு கெம்பஸ் கெடைக்கல. மந்திரிகிட்ட ஒரு கடிதம் வாங்கி அப்பீல் போட்டா எடுப்பாங்களாமே?"

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்பிக்கை: மந்திரி கடிதம் இடம் வாங்கித் தரும்.

இடம் கொடுப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. பெரும்பாலான படிப்புகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. அந்த 16இல் பதுளையும் ஒன்று. எந்தக் கடிதமும் இடத்தைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியைக் கூட்டாது. அப்பீலில் எடுபடுவது பிழை மட்டுமே: மாவட்டம் தவறாகப் பதிவானது, அனுப்பிய ஆவணம் கணக்கில் எடுக்கப்படாதது, மீள்பரிசீலனையில் பெறுபேறு மாறியது. என்ன பிழை, அதற்கு என்ன அத்தாட்சி என்று இரண்டு வரியில் சொல்ல முடிந்தால் எழுதுங்கள். குடும்பக் கஷ்டத்தை மட்டும் நாலு பக்கம் எழுதினால் வாசிப்பவர் மனம் இரங்கலாம், ஆனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

நம்பிக்கை: மலையகப் பிள்ளைகளுக்குத் தனிக் கோட்டா உண்டு.

பல்கலைக்கழக அனுமதியில் அப்படி ஒன்று இல்லை. மாவட்டக் கோட்டாதான். விஞ்ஞான ஆசிரியரையே காணாத தோட்டப் பாடசாலைப் பிள்ளையும், பதுளை டவுனில் மூன்று டியூஷன் போகிற பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இல்லாத கோட்டாவைக் கேட்டு அப்பீல் எழுதினால் நாள்தான் வீணாகும்.

நம்பிக்கை: மூன்று 'பி' எடுத்த பக்கத்து லயத்துப் பையனுக்குக் கிடைத்தது, நமக்குக் கிடைக்கவில்லை, எனவே மோசடி.

2001 முதல் நடைமுறையில் இருப்பது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் எல்லாரும் எடுத்த சராசரியிலிருந்து நம் பிள்ளை எவ்வளவு மேலே அல்லது கீழே என்பதை, புள்ளிகள் பரவியிருக்கும் அளவோடு சேர்த்துக் கணிக்கிறார்கள். ஒரே 'பி'க்குள்ளும் இசட் புள்ளி வேறுபடும். விடைத்தாளில் சந்தேகம் இருந்தால் போக வேண்டிய இடம் பரீட்சைத் திணைக்களம். அங்கே மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கத் தனித் திகதி உண்டு. அதன் முடிவுக்காகக் காத்திருந்து கெம்பஸ் விண்ணப்பத் திகதியைத் தவறவிடாதீர்கள்.

நம்பிக்கை: அரசாங்கத்தோடு வழக்காடி வெல்ல முடியாது.

2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்தினருக்கும் புதிய பாடத்திட்டத்தினருக்கும் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். மாணவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூனில் அந்தக் கணிப்பு ரத்தானது. இரு தரப்பினருக்கும் வெவ்வேறாகக் கணிக்க உத்தரவாயிற்று. கணக்குப் பிழை என்று காட்ட முடிந்ததால் வென்றார்கள். ஆனால் இப்படி வழக்காடப் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பு தரும் அவகாசம் ஒரு மாதம்தான்.

அந்த ஒரு மாதம் என்பது தோட்டத்தில் எத்தனை நாள்? இதை எழுதும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. பல லயங்களுக்கு இன்னும் வீட்டு இலக்கம் இல்லை. கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கே மேசையில் கிடந்து, யாராவது அந்தப் பக்கம் போனால் கைக்கு வரும். சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளைக்குக் கல்வியியற் கல்லூரி நேர்முகப் பரீட்சைக் கடிதம் அப்படித்தான் வந்தது. நேர்முகம் முடிந்து மூன்று நாளாகியிருந்தது. அழுதுகொண்டே உறையைக் கிழித்துப் போடப் போனவளைத் தடுத்தேன். உறையில் விழுந்திருந்த தபால் முத்திரைத் திகதிதான் அவளுக்கு இருந்த ஒரே சாட்சி. அந்த உறையின் பிரதியை இணைத்து எழுதினோம், வேறொரு திகதி கொடுத்தார்கள்.

நம்பிக்கை: சிங்களத்தில் எழுதினால்தான் பார்ப்பார்கள்.

தமிழும் அரச கரும மொழி. தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம். காரணம் சொல்லாமல் தட்டிக்கழித்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்கவும் முடியாது.

அந்தத் தாயின் மகளுடைய தாளைப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. அவள் விரும்பிய படிப்பின் பதுளை வெட்டுப்புள்ளி அவளுடையதைவிடக் கொஞ்சம் மேலே. "அப்பீல் வேண்டாம்மா, இது முதல் தடவைதானே, மூன்று தடவை எழுதலாம்" என்றேன். அவர் தாளை மறுபடி நாலாய் மடித்தார். அடுத்த விண்ணப்பத்துக்கு டவுனில் கடை வைத்திருக்கும் தம்பியின் முகவரியைக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுக்கலாம் என்றேன். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதை அந்தப் பைக்குள்ளேயே வைக்கச் சொன்னேன்.