பிரேக் அடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறதா?

சடன் பிரேக்கில் வண்டி இடப்பக்கம் ஓடினால் பலரும் இடது சக்கரத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் கோளாறு வலது பக்கம் இருக்கும். நன்றாகப் பிடிக்கும் சக்கரம்தான் வண்டியைத் தன் பக்கம் இழுக்கிறது. பிடிக்காத சக்கரத்தைத் தேடுங்கள்.

செலவில்லாத சோதனை முதலில்: முன் டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவா? பிரேக்கைத் தொடாமலே இழுத்தால், டயரையும் வீல் அலைன்மென்ட்டையும் பாருங்கள்.

பிரேக்கில் மட்டும் இழுத்தால், ஆளில்லாத சமதள ரோட்டில் மெதுவான வேகத்தில் சில முறை பிரேக் போட்டுவிட்டு, இறங்கி இரண்டு முன் சக்கரங்களின் அருகே கையை வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், கை வெந்துவிடும். ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால், அந்தப் பக்கக் காலிப்பர் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் பின்னோ துருவேறி இறுகியிருக்கலாம். பேடில் எண்ணெயோ கிரீஸோ பட்டிருந்தாலும் இதே கதைதான். ஒன்று மட்டும் அளவுக்கு மீறிக் கொதித்தால், பெடலை விட்ட பிறகும் அது பிடித்துக்கொண்டே இருக்கிறது.

சுலபமாகக் கண்ணுக்குத் தப்புவது பிரேக் ஹோஸ். வெளியே புதுசு போலிருக்கும் ரப்பர் குழாய், உள்ளே ஊதி அடைத்திருக்கும். பிரேக் போட்டதும் ஒரு பக்கம், விட்டதும் மறுபக்கம் என்று இழுத்தால் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கலாம். பேடை ஒரு பக்கம் மட்டும் மாற்றச் சம்மதிக்காதீர்கள், எப்போதும் ஜோடியாகத்தான்.