மருந்தும் மூளையும்: ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

 

நம் குடும்பங்களில் பி.பார்ம், எம்.பார்ம், எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு மேலே ஆராய்ச்சிக்குப் போக ஆசை. "எதில் ஆராய்ச்சி?" என்று கேட்டால் "மருந்தியல்" என்பார்கள், அல்லது "மூளை, நரம்பு" என்பார்கள். அதற்கு மேல் சொல்லத் தெரிவதில்லை. வீட்டிலோ, "இன்னும் எத்தனை வருஷம் படிப்பு? ஏதாவது பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்திருந்தால் இந்நேரம் சம்பளம் வந்திருக்குமே" என்கிறார்கள். இரு தரப்பாருக்கும் பயன்படட்டும் என்று இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

சாயமும் மருந்தும்

நம் ஊர்க்காரர்களுக்குச் சாயத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம், பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம். மாற்றிப் போட்டால் ஒழுங்காக ஏறாது. மருந்தும் ஏறக்குறைய இப்படித்தான். ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற மருத்துவர், துணிக்காகத் தயாரிக்கப்பட்ட மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை 1880-களில் உயிருள்ள பிராணிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். அது நரம்பு இழைகளில் நன்றாக ஏறி நின்றது. ஒரு பொருள் உடலில் வேலை செய்ய வேண்டுமானால் அது ஏதாவது ஒன்றைப் பற்றியாக வேண்டும் என்ற முடிவுக்கு அவர் பின்னாளில் வந்தார். மருந்து போய்ப் பற்றும் அந்த இடத்தை இன்று 'ஏற்பி' என்கிறோம்.

மருந்து எங்கே பற்றுகிறது, எவ்வளவு கொடுத்தால் என்ன செய்கிறது, உடல் அதை எப்படி வெளியேற்றுகிறது என்று பார்ப்பது மருந்தியல். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று எப்படிச் செய்தி பரிமாறுகின்றன என்று பார்ப்பது நரம்பு உயிரியல். அந்தச் செய்தி பெரும்பாலும் ரசாயனப் பொருள்கள் வழியாகவே போகிறது. அதனால்தான் இந்த இரண்டு துறைகளும் ஒன்றாகச் சேர்கின்றன.

ஒரு வேர், ஒரு விதை

நம் நாட்டில் நடந்த இரண்டு ஆராய்ச்சிகளைப் பார்ப்போம்.

சர்ப்பகந்தா என்ற செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் புத்தி பேதலிப்புக்கும் தூக்கமின்மைக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். டெல்லியின் புகழ்பெற்ற யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கான், இத்தகைய மருந்துகளை நவீன முறையில் சோதிக்க வேண்டும் என்று விரும்பினார். அவர் ஊக்கம் தந்த இளைஞர் சலீமுஸ்ஸமான் சித்தீகி. அலிகரில் தத்துவமும் பாரசீகமும் படித்துப் பட்டம் பெற்றவர், பிறகு ஜெர்மனி சென்று வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். டெல்லி திப்பியா கல்லூரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்து, 1931-ல் அந்த வேரிலிருந்து ஒரு பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். ஹக்கீம் 1927-லேயே மவுத்தாகிவிட்டார். அவர் நினைவாக அந்தப் பொருளுக்கு 'அஜ்மலின்' என்று பெயர் வைத்தார். அது இன்றும் இதயத் துடிப்புக் கோளாறு பற்றிய சோதனைகளில் பயன்படுகிறது. 1952-ல் சுவிட்சர்லாந்தில் அதே வேரிலிருந்து 'ரெசர்பின்' என்ற இன்னொரு பொருள் கிடைத்தது. அது ரத்த அழுத்தத்தையும் மனக் கொந்தளிப்பையும் தணிக்கும் மருந்தானது.

இரண்டாவது ஆராய்ச்சி நம் சென்னையில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரன், ராமஸ்வாமி என்ற இருவர், 1937-ல் பூனைக்காலி விதையிலிருந்து 'எல்-டோபா' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அந்தப் பொருள் ஏற்கெனவே ஒரு வகை அவரையில் கண்டறியப்பட்டதுதான். ஆனால் அது மூளை நோய்க்கு மருந்தாகும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இருபது வருஷம் கழித்து, 1957-ல், சுவீடனில் இந்த இரண்டு பொருள்களும் ஒரே சோதனையில் சந்தித்தன. அர்விட் கார்ல்சன் என்ற மருந்தியல் அறிஞர் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை அசையாமல் சோர்ந்து கிடந்தன. பிறகு எல்-டோபா ஊசி போட்டார். சற்று நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின. மூளையில் டோபமைன் என்ற பொருள் குறைந்தால் உடல் அசைவு நின்றுபோகிறது என்பது இதிலிருந்து புரிய ஆரம்பித்தது. 1960-ல் வியன்னாவில், நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். மறு ஆண்டே நோயாளிகளுக்கு எல்-டோபா கொடுத்துப் பார்த்தார்கள். இன்றும் அந்த நோய்க்கு முக்கியமான மருந்து அதுதான். 2000-ல் கார்ல்சனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலிப் பொடியையோ சர்ப்பகந்தா வேரையோ தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். அளவு தவறினால் ஆபத்து.

மாணவர்களுக்கு

இவர்களில் யாரும் "மூளையை ஆராயப் போகிறேன்" என்று பொதுவாகத் தொடங்கவில்லை. "இந்த வேரில் என்ன இருக்கிறது?", "இந்த முயல் ஏன் அசையவில்லை?" என்று சின்னக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். நேர்முகத் தேர்வில் "உங்கள் ஆராய்ச்சி ஆர்வம் என்ன?" என்று கேட்பதும் இதற்குத்தான். எந்த நோய், எந்தப் பொருள், எதைக் கொண்டு அளப்பது என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் ஆர்வம் கேள்வியாக மாறும்.

உதாரணமாக, சர்க்கரை நோய் உள்ள பலருக்குக் கால் எரிச்சல் இருக்கிறது. அது நரம்பு சேதத்தால் வருவது. "எனக்கு நரம்பியலில் ஆர்வம்" என்பதைவிட, "சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளில் இந்தப் பொருள் நரம்பு சேதத்தைக் குறைக்கிறதா? சூடான தட்டில் பாதத்தை எடுக்க எலிக்கு எத்தனை விநாடி ஆகிறது?" என்று கேட்பது ஆராய்ச்சிக் கேள்வி. விலங்குச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும்.

இடங்களும் தொலைவில் இல்லை. ஊட்டி ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரியில் மருந்தியல் துறை இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ், மனநலத்துக்கும் நரம்பு அறிவியலுக்கும் உரிய தேசிய நிறுவனம். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருக்கும் குழந்தையின் மூளை அமைப்பை 5,132 துண்டுகளாகப் படம் பிடித்து 2024-ல் வெளியிட்டது. அந்தந்த இடத்துப் பேராசிரியர்களின் கட்டுரைகளில் இரண்டையாவது படித்துவிட்டு அவர்களுக்கு எழுதுங்கள்.

பெற்றோருக்கு

ஆராய்ச்சி என்றால் வருமானமே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஜிபேட் தேர்வில் தேறி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.பார்ம் சேருவோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களுக்கு 2023-ல் உயர்த்தப்பட்ட விகிதப்படி முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஃபெல்லோஷிப் 2022-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பிக் காத்திராமல், பிள்ளைகளை இந்தப் பொதுத் தேர்வுகளுக்குத் தயார் செய்வதே இனி வழி.

காலம் ஆகும் என்பது உண்மைதான். பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு. சோதனைக்கூட வேலை என்றால் பெரும்பாலும் அதற்கு மேலும் ஆகும். ஒரு சோதனை தோற்றால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அப்போது வீட்டிலிருந்து "இன்னும் முடியவில்லையா?" என்ற கேள்வி மட்டும் போனால் பிள்ளை பாதியில் விட்டுவிடும். பெண் பிள்ளையாக இருந்தால், நிக்காஹ் பேசும்போதே படிப்பை முடிக்கும் விஷயத்தையும் மாப்பிள்ளை வீட்டாரிடம் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். பாதியில் நின்ற ஆராய்ச்சியைப் பிறகு தொடர்வது கடினம்.

வேரிலிருந்து அஜ்மலின் வெளிவந்தபோது அதைப் பார்க்க அஜ்மல் கான் இல்லை. ஆனாலும் ஒரு இளைஞரைத் தூக்கிவிட்டு, காலம் கொடுத்தவர் அவர். நம் பிள்ளைகளுக்கும் அந்தக் காலத்தைக் கொடுப்போம். இந்த ஆண்டு ஜிபேட், நெட் தேர்வுகள் எழுத விரும்புவோர் தங்கள் அத்தா, அம்மாவுடன் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து உடன் இருந்து உதவுவோம், இன்ஷா அல்லாஹ்.