நீர்ச் சாணை இயந்திரம் வாங்குதல்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைத் தோட்டங்களில் மழுங்கிய கத்திரி கொடியை நசுக்கிவிடும். அதன் அலகையும், தச்சுவேலைக்குரிய உளி, இழைப்புளி முதலியவற்றையும் நிமிஷத்திற்குச் சுமார் 2,800 முறை சுழலும் உலர்கல்லில் அழுத்தித் தீட்டினால், வாய் நீலம் பாய்ந்து எஃகின் பதம் கெடும். அப்பாகத்தைத் தேய்த்தகற்றினாலன்றிக் கூர் நில்லாது. நீரில் தோய்ந்து 90 முதல் 150 முறை சுழலும் கல்லில் இவ்வபாயமில்லை. வேலை தாமதப்படும், அவ்வளவே.

விலை குறைந்த இயந்திரத்தில் பளபளப்பைப் பாராது கல்லையும் அச்சையும் பார்க்க வேண்டும். கடையிலேயே ஓடவிட்டு, கல் கோணாமல் சுழல்கிறதா, உளியை அழுத்தும்போது நின்றுவிடாதிருக்கிறதா என்று சோதித்தல் அவசியம். தாங்கி ஆட்டமின்றி உளியை 25 பாகைச் சாய்வில் நிறுத்த வேண்டும். தொட்டி எளிதிற் கழலுதலும் முக்கியம். வேலை முடிந்ததும் நீரை வடித்துவிடாவிடில், கல்லின் அடிப்பாகம் மட்டும் நீர் உறிஞ்சிப் பாரமாகி, மறுநாள் குதித்தோடும்.